விழப்போகிற பல்தானே?



அண்மையில் உறவினர் ஒருவர் புலனத்தில் ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். 'அதிசயச் சிறுவன்! வாயில் 526 பற்கள்!' என்பது தலைப்பு. வியப்புக் குறிகள் வரிசை பிடித்து நின்றன. செய்தி பொய்யன்று, ஆனால் பழையது. 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றியது. அந்த ஆண்டே உலகச் செய்தி நிறுவனங்கள் பலவும் இதனை வெளியிட்டன. அது முதல் இன்றுவரை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது எனக்கு அது வந்து சேர்கிறது. வருகின்ற ஒவ்வொரு முறையும் அந்த எண் மட்டும்தான் பேசப்படுகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன? ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கீழ்த்தாடையின் வலப்பக்கம் வீங்கியிருந்தது. மருத்துவர்கள் ஊடுகதிர்ப் படமும் சி.டி. ஸ்கேனும் எடுத்துப் பார்த்தபோது, தாடை எலும்புக்குள் ஒரு பை இருப்பதும் அதனுள் பற்கள் இருப்பதும் தெரிந்தன. பேராசிரியர் செந்தில்நாதன் தலைமையிலான குழுவினர் தாடையின் பக்கவாட்டு எலும்பை உடைக்காமல் மேற்புறமாகத் துளையிட்டு அந்தப் பையை முழுதாக வெளியே எடுத்தனர். அதனால் பிறகு தாடையைச் சீரமைக்கவேண்டிய தேவை ஏற்படவில்லை. பையின் எடை ஏறத்தாழ 200 கிராம். வாய்நோய்க் குறியியல் துறைத் தலைவர் பிரதிபா ரமணியும் அவருடன் இருந்தவர்களும் நான்கைந்து மணி நேரம் அமர்ந்து அதனைப் பிரித்து எண்ணினார்கள். 526 பற்கள். சில ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு; சில 15 மில்லிமீட்டர் நீளம். மிகச் சிறியனவற்றிலும் முடி, வேர், மேற்பூச்சு எல்லாம் ஒரு பல்லுக்கு உரிய முறையில் அமைந்திருந்தனவாம். மூன்று நாளில் சிறுவன் வீடு திரும்பினான். வாயில் அவனுக்குரிய 21 பற்கள் நலமாக இருந்தன.

இத்தனைக்கும் இடையில், செய்தித்தாள்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒன்று உண்டு. அந்த வீக்கத்தைப் பெற்றோர் முதன்முதலில் கண்டது பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போது. அப்போது வீக்கம் சிறியது. பிள்ளையும் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்றுக்கும் ஏழுக்கும் இடையில் நான்கு ஆண்டுகள். என் கண்ணுக்கு 526ஐவிட இந்த நான்குதான் பெரிய எண்ணாகத் தெரிகிறது.

அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல வரவில்லை. மூன்று வயதுப் பிள்ளையைப் பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். தாடை வீங்கினால் 'பொன்னுக்கு வீங்கி' என்போம், 'சொத்தைப்பல்' என்போம், 'விழப்போகிற பல்தானே, விடு' என்போம். இந்தக் கடைசிச் சொற்றொடரை நான் ஆசிரியப் பணியில் கேட்ட அளவுக்கு வேறெதையும் கேட்டதில்லை. லாபு, ரந்தாவ், சிலியாவ் தோட்டப் பக்கங்களிலிருந்து வரும் பெற்றோரும் சொல்கிறார்கள். சிரம்பான் தாமான்களில் குடியிருக்கும் படித்த பெற்றோரும் சொல்கிறார்கள்.

மருத்துவர்கள் இந்தக் கட்டியை ஒடோன்டோமா என்கிறார்கள். புற்றுநோய் அன்று. பல் உண்டாக்கும் திசு, கட்டளை தவறி, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சிறு பற்களை உண்டாக்கிக்கொண்டே போவது. பொதுவாக ஒரு கட்டிக்குள் சில பற்களோ சில பத்துப் பற்களோதான் இருக்கும், வலியும் இராது. அதனால் பெரும்பாலும் பதின்ம வயதில்தான், வரவேண்டிய நிலைப்பல் வராதபோது படமெடுத்துக் கண்டுபிடிக்கிறார்கள். 2014ஆம் ஆண்டு மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 17 வயது இளைஞன் ஒருவனின் தாடையிலிருந்து 232 பற்களை எடுத்தார்கள். ஏழு மணி நேர அறுவை. ஒன்றரை ஆண்டு வீக்கத்தோடு இருந்தவன் அவன். ஊரில் யாராலும் என்னவென்று சொல்ல முடியாமல், புற்றாக இருக்குமோ என்று அஞ்சித் தந்தை மும்பைக்கு அழைத்து வந்தாராம். காரணம் என்ன என்று கேட்டால், பரம்பரையாகவும் இருக்கலாம், சூழலாகவும் இருக்கலாம் என்பதற்கு மேல் மருத்துவ உலகம் உறுதி கூறவில்லை. கைப்பேசிக் கோபுரத்தின் கதிர்வீச்சு என்று சிலர் கிளப்பிவிட்டதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. கைப்பேசி என்ற ஒன்றே இல்லாத பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் இந்தக் கட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

இது மிக அரியது. நம் பள்ளிகளில் 526 பல் கொண்ட பிள்ளையை நாம் காணப்போவதில்லை. ஆனால் பல் வளர்ச்சியில் பிறழ்வுள்ள பிள்ளைகளைக் காண்போம், கண்டுகொண்டும் இருக்கிறோம். பெயர்தான் தெரிவதில்லை.

முதலில், பல்லோடு பிறக்கும் பிள்ளைகள். இரண்டாயிரம், மூவாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் இது நிகழ்கிறது. பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயி 1638இல் இரண்டு பற்களோடு பிறந்தார். அவருக்குப் பாலூட்ட வந்த செவிலியர் பட்ட பாட்டை அந்நாட்டார் கதை கதையாகச் சொல்வார்கள். அங்கே அரசனுக்குரிய அறிகுறி என்று கொண்டாடினார்கள். நம் வீடுகளில் 'பல்லோடு பிறந்தது குடும்பத்துக்கு ஆகாது' என்பார்கள். மேற்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது இதற்கு அடுத்த படி. யாழ்ப்பாணத் தமிழர் இல்லங்களில் முதற்பல் கண்டவுடன் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்திக் கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் சொரிந்து மகிழ்வார்கள். அந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்றால், கொழுக்கட்டைக்காக மட்டுமன்று, பிள்ளையின் வாயை எல்லாரும் ஒருமுறை திறந்து பார்க்கிறார்களே, அதற்காக!

பிறக்கும்போதே இருக்கும் பல்லைச் சகுனத்துக்கு அஞ்சி வீட்டிலேயே பிடுங்குவது பெருந்தவறு. பத்தில் ஒன்பது, அது மிகையான பல்லே அன்று. வழக்கத்துக்கு முன்னரே வந்துவிட்ட கீழ்முன் பால்பல். பிடுங்கினால் அந்த இடத்துக்கு வேறு பால்பல் வராது. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்குக் குருதி உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே குறைவாக இருக்கக்கூடும். பிடுங்கிய இடத்தில் குருதி நில்லாமல் போகலாம். பல் மிகவும் ஆடினால், அது உதிர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போகாதிருக்க மருத்துவரே எடுத்துவிடுவார். அதன் கூரான விளிம்பு உரசி நாக்கின் அடியில் புண் வந்தாலும் விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுவார். முடிவு செய்யவேண்டியவர் அவர். பாட்டியும் அல்லர், பஞ்சாங்கமும் அன்று.

அடுத்து, இரண்டு பற்கள் ஒட்டி ஒன்றாக வருவது. முதலாம் ஆண்டு வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கும்போது பார்த்தால் தெரியும். கீழ்வரிசையில் ஒரு பல் மட்டும் அகன்று நடுவில் கோடு போட்டாற்போல் இருக்கும். அழகுக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் பால்பல் இவ்வாறு ஒட்டியிருந்தால், அதன் கீழே வரவேண்டிய நிலைப்பல் இல்லாமலோ மிகையாகவோ இருக்க வாய்ப்புண்டு. 'விழப்போகிற பல்தானே' என்ற பேச்சு இங்கேதான் பொய்யாகிறது. விழப்போகிற பல், வரப்போகிற பல்லைப் பற்றி முன்கூட்டியே செய்தி சொல்கிறது. நாம்தான் படிப்பதில்லை.

இன்னொரு வகை என்னை மிகவும் வருத்துவது. பற்களின் மேற்பூச்சு சரிவர உருவாகாமல், முளைக்கும்போதே மஞ்சளாகவோ பழுப்பாகவோ, சொரசொரப்பாக, எளிதில் பொடிந்துவிடும் தன்மையோடு வருவது. அமிலோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்று பெயர், பரம்பரையாக வருவது. சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதன் ஒரு வகை வெளிப்படும் வாய்ப்பு கூடுதல். இந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று வேளை பல் துலக்கினாலும் பல் வெளுக்காது. குளிர்ந்த நீர் பட்டாலே கூசும் என்பதால் துலக்கவே அஞ்சும். பள்ளிகளில் பல் துலக்கும் பயிற்சி நடத்துவோமே, கால்வாய் ஓரம் வரிசையாகக் குந்தவைத்து, கையில் குவளையும் தூரிகையும் கொடுத்து! அங்கே இந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, 'பார், பல் துலக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்' என்று மற்றவர்களுக்குக் காட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். பள்ளியின் பெயரும் ஆசிரியர் பெயரும் வேண்டா. அந்தச் சிறுமி அதன்பின் ஆண்டு முழுவதும் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள். மேற்பூச்சு இல்லாத பல்லைக் காப்பாற்ற உறை போடுவது முதலிய வழிகள் உண்டு. நேரத்தோடு போனால் பல் நிற்கும். ஏச்சுக்கு அஞ்சி வாயை மூடிய பிள்ளையின் பல்லை யார் பார்ப்பது?

இனி, இந்தப் பொருளில் நான் நீட்டி எழுத விரும்பும் ஒன்றுக்கு வருகிறேன். பல் என்பதை நாம் எலும்போடு சேர்த்து எண்ணுகிறோம். கருவில் அது தொடங்கும் இடம் வேறு. தாய் வயிற்றில் ஆறாவது வாரம் வாக்கில், வாயின் உட்புறத் தோல் உள்நோக்கி மடிந்து முளைகள் விடுகிறது. அந்த முளைகளே பல்லாகின்றன. முடி, நகம், வியர்வைச் சுரப்பி ஆகியவையும் அதே மேற்படலத்திலிருந்து பிறப்பவை. ஆகவே அந்தப் படலத்தின் வளர்ச்சியில் குறை ஏற்பட்டால், பல் மட்டும் குறைவதில்லை. முடியும் குறைகிறது, வியர்வையும் குறைகிறது. எக்டோடெர்மல் டிஸ்பிளாசியா என்பது இதன் பெயர்.

சார்லஸ் டார்வின் இதனைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது பலருக்கும் தெரியாது. வளர்ப்பு உயிரினங்களின் மாறுபாடுகள் பற்றிய அவருடைய நூலின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில், சிந்து மாநிலத்து இந்துக் குடும்பம் ஒன்று வருகிறது. நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்கள். இரு தாடையும் சேர்த்துச் சிறிய முன்பற்கள் நான்கு, கடைவாய்ப் பற்கள் எட்டு. உடம்பில் முடி குறைவு, இளமையிலேயே வழுக்கை, கோடையில் தோல் வறண்டு துன்பப்படுவார்கள். குடும்பத்துப் பெண்களுக்கு இந்தக் குறை இல்லை. ஆனால் அவர்கள் பெற்ற ஆண்மக்களுக்கு வந்தது. குறையுள்ள தந்தையிடமிருந்து மகனுக்கு வந்ததே இல்லை. டார்வினால் இதனை வியக்கத்தான் முடிந்தது. இன்று காரணம் தெரியும். குறை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணுவை 1996இல் இனங்கண்டார்கள். தந்தை தன் மகனுக்கு எக்ஸ் தருவதில்லை, தாய்தான் தருகிறாள். அவளுக்கு இன்னொரு நல்ல எக்ஸ் இருப்பதால் அவளிடம் குறை பெரிதாகத் தெரிவதில்லை. ஒன்றிரண்டு பல் இல்லாமலிருக்கலாம், அவ்வளவே.

நான் முன்பு பணியாற்றிய தோட்டப் பள்ளி ஒன்றில் அப்படி ஒரு மாணவன் படித்தான். மேலே ஊசி முனைபோல் இரண்டு பற்கள், பின்னால் இரண்டோ மூன்றோ. தலையில் பூனை மயிர். 'பேய்ப்பல்' என்று பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள். உடற்கல்வி நேரத்தில் பத்து நிமிடம் ஓடினால் முகம் சிவந்துபோகும். ஆசிரியரிடம் சொல்லாமல் கொள்ளாமல் குழாயடிக்கு ஓடித் தலையில் நீரை ஊற்றிக்கொள்வான். சட்டையோடு நனைந்து வகுப்புக்கு வருவான். அடங்காத பிள்ளை என்று ஆசிரியர் அறையில் பேச்சு. அவனுக்கு வியர்க்காது என்பதை யாரும் அறியவில்லை. வியர்வை இல்லாத உடம்பு சூட்டை இறக்க வேறு வழியில்லாமல் அவனாகக் கண்டுபிடித்துக்கொண்ட மருத்துவம் அந்தக் குழாய்த் தண்ணீர். இதை முதலில் புரிந்துகொண்டவர், பள்ளிக்கு வந்த பல் மருத்துவக் குழுவின் தாதி. வாயைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். 'இவனுக்கு வியர்க்குமா?' என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்டதைப் போல நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

அவன் தாயைப் பிறகு அறிந்தேன். தாய்மாமனுக்கும் அதே பல். 'உன் பிறந்தகத்துச் சாபம்' என்று புகுந்த வீட்டில் ஏச்சு. பிள்ளை வயிற்றிலிருந்தபோது கிரகணத்தில் வெளியே போனாள் என்று இன்னொரு பழி. மரபணு தாய் வழியே வருகிறது என்று மருத்துவர் சொன்னதைக்கூட அவ்வீட்டார் பழிக்குச் சான்றாக்கிக்கொண்டார்கள். தாய்வழியே வருவது என்றால் தாயின் குற்றம் என்று பொருளாகுமா? மாமனின் மூக்கு மருமகனுக்கு வந்தால் மகிழ்கிறோமே! மேற்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்று அஞ்சுகிற நாம், மாமனின் பல்லும் மருமகனின் பல்லும் ஒரே அமைப்பில் இருப்பதை உற்றுப் பார்த்திருந்தால் ஒரு தலைமுறைக்கு முன்னரே மருத்துவரிடம் போயிருப்போம்.

இத்தகைய பிள்ளைக்கு மூன்று நான்கு வயதிலேயே சிறிய செயற்கைப் பல்வரிசை செய்து பொருத்தலாம். தாடை வளர வளர மாற்றிக்கொண்டே போகவேண்டும். மெல்லவும் பேசவும் வரும். வல்லினம் மெல்லினம் சொல்லிக்கொடுக்கும் தமிழாசிரியர்களுக்குத் தெரியும், முன்பல் இல்லாத வாயில் தகரமும் நகரமும் படும் பாடு. செருமானிய மருத்துவர்கள் கருவிலேயே, பனிக்குட நீருக்குள் அந்த விடுபட்ட புரதத்தைச் செலுத்தி, பிறந்த பிள்ளைகளுக்கு வியர்க்கச் செய்திருக்கிறார்கள். 2018இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். அது நம் ஊருக்கு வர நாளாகலாம். நிழலும் நீரும் இன்றே கொடுக்கலாம். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் வெப்பம் கடுமையாக இருந்தபோது பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திவைக்கும்படி கல்வி அமைச்சு கூறியது நினைவிருக்கும். வியர்க்காத பிள்ளைக்கு விளையாட்டுப் போட்டிப் பயிற்சி நடக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மே மாதம்தான்.

இந்த நாட்டில் இதற்கெல்லாம் வழி இல்லையா என்றால், நன்றாகவே இருக்கிறது. நியூசிலாந்து 1921இல் தொடங்கிய பள்ளிப் பல் தாதியர் முறையைப் பின்பற்றி, 1949இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் எத்தனையோ மண்சாலைகளைக் கடந்து, மடக்கு நாற்காலியையும் துளைக்கருவியையும் வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டப் பள்ளிகளுக்கு வந்தார்கள். இன்று அவர்களின் பதவிப் பெயர் மாறிவிட்டது. நமக்கு அவர்கள் இன்னும் 'பல் மிஸ்ஸி'தான். பள்ளியில் பார்ப்பது இலவசம். சந்தேகம் இருந்தால் அவர்கள் எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடு சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் சிறார் பல் மருத்துவப் பிரிவுக்குப் போகலாம்.

தடையாக இருப்பது ஒரு தாள். சம்மதப் படிவம். பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்பாவிட்டால் பிள்ளைக்குச் சிகிச்சை செய்யமாட்டார்கள். அவ்வாறு அனுப்பாதவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். பிள்ளை அழும் என்கிறார்கள். பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்கிறார்கள். பிறகு தனியார் கிளினிக்கில் பார்த்துக்கொள்வோம் என்கிறார்கள். அந்தப் 'பிறகு' வருவதில்லை. சென்னைச் சிறுவனின் நான்கு ஆண்டுகளும் இப்படி ஒரு 'பிறகு'க்குள்தான் போயிருக்கும் என்று எண்ணுகிறேன்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பல் மருத்துவக் குழு வரும் நாளைப் பாடவேளை கெட்டுப்போகும் நாளாகக் கருதுவோர் நம்மிடையே உண்டு. பாடம் நாளையும் நடத்தலாம். நாம் மருத்துவர்கள் அல்லர். ஆனால் ஒரு பிள்ளையின் முகத்தை ஆண்டுக்கு ஏறத்தாழ இருநூறு நாள் நேருக்கு நேர் பார்ப்பவர்கள் நாமே. ஒரு பக்கத்து முன்பல் வந்து ஆறு மாதம் ஆகியும் மறுபக்கத்துப் பல் வரவில்லையா, தாடை ஒருபுறம் மட்டும் உப்பியிருக்கிறதா, பல் கூர்முனையாக இருக்கிறதா, பிள்ளைக்கு வியர்க்கவே காணோமா, இவற்றைக் கவனித்து மிஸ்ஸியிடம் ஒரு சொல் சொன்னால் போதும். பிள்ளையை எழுப்பி நிறுத்தாமல், மற்றவர் காதில் விழாமல் சொல்லுங்கள்.

எங்கள் பள்ளிக்கு இந்த ஆண்டு இன்னும் குழு வரவில்லை. என் வகுப்பில் ஆறு படிவங்கள் திரும்பவில்லை. அந்த ஆறு வீட்டாரில் யாரேனும் இதைப் படித்தால், பிள்ளையின் புத்தகப் பையில், பயிற்றுநூல்களுக்கு அடியில் தேடிப் பாருங்கள். மடித்து வைத்த ஒரு தாள், பெரும்பாலும் ரொட்டித் துகள் ஒட்டியபடி, அங்கேதான் இருக்கும்.